நாலு குதிரை இஞ்சின்

"தள்ளுங்கோ! இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளுங்கோ!" என்றார் தோட்டத்துக் கணக்கு எழுதும் சின்னக் கிராணி மயில்வாகனம்.

மூன்று ஆட்கள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மயில்வாகனம் மோட்டார் சைக்கிள்மேல் உட்கார்ந்தபடியே இருந்தார். அவர் இறங்கினால் பாதி பாரம் குறையும் என்பது தள்ளுகிறவர்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் ஒரு கிராணி, தோட்டத்து ஆட்கள் பார்க்க வண்டியை விட்டு இறங்கினால் கிராணிக்கு அப்புறம் என்ன மரியாதை இருக்கிறது?

தலையில் பால் வாளியோடு மேட்டில் ஏறிவந்த இருளாயி அவர்களைத் தாண்டிப் போனாள். போகிற போக்கில் திரும்பிப் பார்த்தாள்.

"ஐயா, மேல் டிவிசனுக்குத்தானே? நான் முன்னால போயி நீங்க வாரீங்கன்னு சொல்லிடவா?"

தள்ளுகிறவர்கள் சிரித்ததில் வண்டி இரண்டடி பின்னால் வந்தது.

லகாட் ஊருக்கு மேற்கே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் கீழ் டிவிசன் சமதரையிலும், மேல் டிவிசன் குன்றின்மேலும் இருந்தன. பெரிய கிராணி அந்த மாதத்தோடு ஓய்வு பெற்று யாழ்ப்பாணத்துக்குக் கப்பல் ஏறுகிறார். அந்த நாற்காலி யாருக்கு என்று துரை ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்குச் சொல்லுவார். அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. பெரிய கிராணியாக வருகிறவர் காலை ஆறு மணிக்குள் இரண்டு டிவிசனிலும் பெரட்டு எடுக்க வேண்டும். ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குத்தான் அந்தப் பெயர்.

மயில்வாகனத்தின் வண்டி இரண்டே கால் குதிரைச் சக்தி. சமதரையில் இரண்டு குதிரையும் ஓடும். மேடு வந்தால் அந்தக் கால் குதிரைதான் மிஞ்சும்.

மற்றபடி அவரிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. துரையின் மோட்டார் சைக்கிள் எதிரே வந்தால் யாராக இருந்தாலும் வண்டியை விட்டு இறங்கி, ஓரமாக நின்று சலாம் வைக்க வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். அந்த இறக்கத்தில் மயில்வாகனத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரே அசைவில் இறங்கி, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கி, "குட் மார்னிங், சார்!" என்பதற்குள் வண்டியும் ஸ்டாண்டில் நின்றுவிடும்.

துரையும் லேசுப்பட்டவர் இல்லை. விடிவதற்கு முன்னால், பனி மூட்டத்தில், கழுத்துத் துணியை மூக்குவரை சுற்றி, தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுத் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவருவார். நிற்க மாட்டார், பேச மாட்டார். அந்த இஞ்சின் சத்தம் கேட்டாலே ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் படுத்துக் கிடப்பவனுக்குக் காய்ச்சல் விட்டுவிடும். பத்து மணிக்கு ஆபீசுக்கு வரும்போது துரையின் கண் இரண்டும் சிவந்திருக்கும்.

"பாவம், நித்திரை இல்லாத மனுஷன்" என்று மயில்வாகனம் மனைவியிடம் உருகுவார்.

மேலே கொடுக்கிற மரியாதையைக் கீழே வசூலிக்கவும் அவர் தவறியதில்லை. போன மாதம் துரை பங்களாச் சமையற்காரன் பத்துமலை, ரொட்டி வாங்கிக்கொண்டு சைக்கிளில் அவரைக் கடந்து போனான். இறங்கவில்லை.

"டேய்! கிராணி நிக்கிறது கண்ணுக்குத் தெரியேல்லையோ? இறங்கடா!"

பத்துமலை இறங்கினான். அரை மணி நேரம் வெயிலில் நின்றான். நின்றவன் உதட்டோரம் சிரித்தான்.

"என்னத்துக்குச் சிரிக்கிறாய்?"

"ஒண்ணுமில்லீங்க ஐயா. நீங்க இறங்குற மாதிரி எனக்கு இறங்க வரலியேன்னு நெனச்சேன்."

அதைப் புகழ்ச்சி என்றே மயில்வாகனம் எடுத்துக்கொண்டார்.

*

சிலிபினில் பட்டறை வைத்திருந்த சதாசிவம் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான்.

"இந்த இஞ்சினை வச்சிக்கிட்டு மாவு அரைக்கலாம்லா, மலை ஏற முடியாது. எங்கிட்ட நாலு குதிரை இஞ்சின் ஒண்ணு இருக்கு. ஈயம் தோண்டுற லம்பத்துக் குளத்துல விழுந்த வண்டி. வண்டிதான் போச்சு, இஞ்சின் தங்கம். உங்க துரை வண்டியில இருக்குதே, அதே கம்பெனி, அதே சைசு."

துரை வண்டி என்றதும் மயில்வாகனத்தின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"என்ன கேக்கிறாய்?"

"உங்க வீட்டுல கிராமபோன் இருக்காமே."

கிராமபோன் சிலிபினுக்குப் போனது. ஒரு வாரத்தில் இஞ்சின் வந்தது. ஆனால் அது பழையதைவிட ஒரு முழம் உயரம். அதனால் சதாசிவம் சட்டத்தை அறுத்து, நடுவில் குழாய் வைத்து ஒட்டியிருந்தான். பெட்ரோல் டாங்கி மேலே போனது. டாங்கி போன பிறகு சீட்டும் போகத்தானே வேண்டும்? மயில்வாகனம் ஐந்தடி இரண்டு அங்குலம். ஏறி உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையைத் தொடவில்லை.

"எப்படி ஏறுறது?"

"ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டி போட்டுக்குங்க."

"இறங்குறது?"

"இன்னொரு பெட்டி போட்டுக்குங்க" என்றான் சதாசிவம்.

இரண்டு பெரட்டுக் களத்திலும் களத்துக்கொரு மண்ணெண்ணெய்ப் பெட்டி வைக்க உத்தரவாயிற்று. முதல் நாள் அவர் லயத்துப் பக்கம் போனபோது ஒரு அதிசயம் நடந்தது. சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டை வாயில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார்கள். துரை வண்டிச் சத்தம்! வந்தது மயில்வாகனம் என்று தெரிந்ததும் துப்பிவிட்டு உட்கார்ந்தார்கள். ஆனாலும் எழுந்தது எழுந்ததுதான். அன்று அவருக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அவர் மனைவி அம்பிகைக்குச் சந்தேகம் வேறு பக்கம் ஓடியது.

"இஞ்சேருங்கோ, நடுவழியில துரை வந்தால் எப்படி இறங்குவியள்? அங்க ஆர் பெட்டி வச்சிருக்கினம்?"

"துரை மேட்டுக்கு வாறது ஆறு மணிக்குப் பிறகு. நான் அதுக்கு முந்தி இறங்கி வந்திடுவன்."

"வராட்டில்?"

"உமக்கு வாயில நல்ல சொல்லே வராதோ?"

மறுநாள் மேட்டில் பாதி தூரத்தில் பெல்ட் வழுக்கியது. இஞ்சின் இடி மாதிரி முழங்கியது, வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. வழக்கமான மூன்று ஆட்கள் வந்தார்கள்.

"போன வாரம் தள்ளுனதுக்கு இது டபுள் கனமா இருக்கு ஐயா" என்றான் ஒருவன்.

சதாசிவம் பெல்ட்டைக் கழற்றி வீசிவிட்டுச் சங்கிலி மாட்டினான். அதற்கு அம்பிகையின் தையல் மெஷின் போனது. வண்டி பாய்ந்தது. நிற்கத்தான் மறுத்தது. மயில்வாகனம் முதல் சவாரியிலேயே ஒரு வாழைத் தோப்புக்குள் போய் வெளியே வந்தார்.

"பின் பிரேக் எங்கையடா?"

"அது பெல்ட்டு ஓடுற வளையத்துலதானே உக்காந்திருந்துச்சு. பெல்ட்டையும் எடுத்தாச்சு, வளையத்தையும் எடுத்தாச்சு."

"முன் பிரேக்?"

"அது சைக்கிள் பிரேக்கு ஐயா. நாலு குதிரையைப் பார்த்தா அதுவும் என்ன பண்ணும்? பெட்ரோலை மூடிட்டா ஒரு பர்லாங் போயித் தானா நின்னுடும்லா."

"இறக்கத்தில?"

சதாசிவம் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தான்.

"இறக்கத்துல நிக்காது."

புதுப் பிரேக் செய்யச் சுவர் மணிக்கூட்டைக் கேட்டான். கொடுத்தார். பிரேக் வெள்ளிக்கிழமைதான் கிடைக்கும் என்றான். ஒன்றாம் தேதியோ வியாழக்கிழமை.

*

வீட்டில் பாட்டும் இல்லை, தையலும் இல்லை, நேரமும் இல்லை. ஒன்றாம் தேதி விடியற்காலை மயில்வாகனத்தை எழுப்பியதே பங்களாப் பக்கம் துரையின் வண்டி கிளம்பிய சத்தம்தான்.

"ஐயோ! துரை வெளிக்கிட்டுட்டார்!"

ஒரு காலில் சப்பாத்தும் மறு காலில் வெறும் காலுறையுமாகப் பெட்டிமேல் ஏறி வண்டிமேல் தாவினார். கீழ் டிவிசனில் வண்டியை நிறுத்தாமலே களத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பேர் கூப்பிட்டார். வரிசையில் நின்றவர்கள் அவர் போகும் பக்கமெல்லாம் கழுத்தைத் திருப்பி "வந்தேன் ஐயா" என்றார்கள். பிறகு மேட்டைப் பிடித்தார். நாலு குதிரையும் நாலு கால் பாய்ச்சலில் ஏறின. நாலே நிமிடம். முன்னால் நடந்துகொண்டிருந்த இருளாயியைத் தாண்டியபோது அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தது உண்மை. மேல் டிவிசன் பெரட்டு முடிந்தபோது ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் கைக்கடிகாரத்தில் ஆறு ஆக இரண்டு நிமிடம் இருந்தது.

பெரிய கிராணி நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. இனி இறங்க வேண்டியதுதான் பாக்கி.

பாதி இறக்கத்தில், பனிக்குள், எதிரே ஒரு விளக்கு தெரிந்தது. தொப்பியும் கழுத்துத் துணியும் தெரிந்தன.

மயில்வாகனம் பெட்ரோலை மூடினார். வண்டி வேகமாகப் போனது. முன் பிரேக்கைப் பிடித்தார். அது கையோடு வந்துவிட்டது. காலை ஊன்றப் பார்த்தார். கால் காற்றில் ஆடியது. மரியாதையையாவது காப்பாற்றலாம் என்று ஒரு கையை எடுத்து, "குட் மார்னிங், சார்!" என்று சலாம் வைத்தார். அந்தக் கையை எடுத்ததுதான் தப்பு. வண்டி நேரே துரையைப் பார்த்துத் திரும்பியது. துரை அலறியபடி வாய்க்காலில் சாய்ந்தார். மயில்வாகனம் அவருடைய தொப்பிமேல் ஏறிப் போனார்.

புகைக் கொட்டகை வாசலில் கொடியில் தொங்கிய ரப்பர் ஷீட்டுகள்தான் அவரைப் பிடித்து நிறுத்தின. உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஷீட்டுகளுக்குள் சுருண்டு கிடந்த அவரை இருளாயி வந்து பிரித்தெடுத்தாள்.

"ஏறுறப்ப சிரிச்சீங்க. இறங்குறப்ப ஒண்ணுமே சொல்லாம போயிட்டீங்களே ஐயா!"

மயில்வாகனம் ஷீட்டுகளை உதறிவிட்டு எழுந்தார். ஆறு வருஷம் இறங்கி இறங்கிச் சேர்த்த மரியாதை, ஒரே ஒரு நாள் இறங்காததில் போயிற்று. நாற்காலி கிடக்கட்டும், இன்றைக்கே சீட்டைக் கிழித்து ஊருக்கு அனுப்பிவிடுவார் துரை. அம்பிகையிடம் என்ன சொல்வது? கிராமபோனாவது இருந்ததா, கேட்டு அழ?

பத்து மணிவரை காத்திருக்க அவரால் முடியவில்லை. ஒரு தட்டில் வாழைப்பழமும் எலுமிச்சம்பழமும் வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பங்களா மேட்டை நடந்தே ஏறினார். முன்வாசலுக்குப் போகத் துணிவில்லை. பின்பக்கம், சமையற்காரன் புழங்கும் குசினி வாசலுக்குப் போனார்.

படியில் பத்துமலை உட்கார்ந்து முழங்காலுக்கு மஞ்சள் பற்று போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் துரையின் தொப்பி, சக்கரத் தடத்தோடு சப்பையாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் மயில்வாகனத்துக்குக் கண் கலங்கியது.

"தம்பி பத்துமலை" என்றார். அதுவரை அவர் அவனைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை. "துரை என்ன சொல்லுறார்?"

"ஒண்ணும் சொல்லலீங்க. தூங்குறாரு."

"மயக்கமோ? அடி பலமோ?"

"நல்லாத்தான் தூங்குறாரு. கிளப்புல இருந்து வர்றப்பவே கோழி கூவிடுச்சு. ஒம்பது மணிக்குக் குறைஞ்சு என்னைக்கு எந்திரிச்சிருக்காரு?"

மயில்வாகனம் தட்டைச் சரித்துவிட்டார். ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு படியிறங்கிப் போனது.

"அப்ப... விடிய விடிய வண்டியில சுத்திப் பாக்கிறது?"

பத்துமலை தொப்பியை எடுத்து, உள்ளே கையை விட்டு ஒரு குத்துக் குத்தி நிமிர்த்தி, எலுமிச்சம்பழம் இருந்த தட்டின்மேல் வைத்தான்.

"ஆறு வருஷமா நீங்க இறங்கி இறங்கி சலாம் வச்சது எனக்குத்தான் ஐயா; இப்ப முட்டி வீங்கிப் போச்சு, உங்க வண்டிக்கும் அதே சத்தம் வந்திருச்சு, அதனால நாளையில இருந்து இதை நீங்களே போட்டுக்கிட்டு ஒரு சுத்து சுத்திட்டு வந்துடுங்க."