கிணற்றடியில் அளந்த குசினி

வீடு கட்டத் தெரியாது என்று ஒத்துக்கொள்ளும் ஆண்களைப் பார்த்திருக்கிறேன். குசினியைத் திட்டமிடத் தெரியாது என்று ஒத்துக்கொண்ட ஆணை இன்றுவரை சந்தித்ததில்லை. வாழ்நாளில் ஒரு முட்டை பொரித்திருக்க மாட்டான். ஆனால் அடுப்பு எந்த மூலையில் இருக்கவேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை கதைப்பான். அந்தக் கூட்டத்தில் நான் முன்வரிசை. அப்போது நுரைச்சோலைப் பக்கம் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. நாள் முழுக்க அளவுநாடா விற்பவனுக்குத் தானும் ஓர் இன்ஜினியர்தான் என்ற நினைப்பு எப்படியோ வந்துவிடுகிறது.

யுத்தம் முடிந்து மன்னார்ப் பாதை திறந்திருந்த காலம் அது. தொண்ணூறில், வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து, மன்னாரின் முசலிப் பக்கத்திலிருந்து எங்களையும் கிளப்பியபோது நான் சின்னப் பிள்ளை. அன்றிலிருந்து உம்மாவுக்குச் சொந்தக் குசினி என்று ஒன்று இருந்ததில்லை. அகதி முகாமில் கிடுகுத் தட்டிக்குப் பின்னால் மூன்று கல். பிறகு வாடகை வீடுகளில் யாருடைய அடுப்போ. பாதை திறந்ததும், ஊருக்கே திரும்பிப் போய் இருக்கப்போவதாக உம்மா சொல்லத் தொடங்கினார். கலியாணம் முடித்துப் பிள்ளையும் பெற்றவன்தான், ஆனால் உம்மா இல்லாத வீட்டில் இருக்க எனக்குத் தெரியாது (வெளியில் சொல்ல வெட்கம், அவ்வளவுதான்).

"அங்க ஒண்டுமில்ல உம்மா. எல்லாம் இடிஞ்சு காடாப் போச்சாம்" என்று, போய்ப் பார்க்காமலே சொல்லிவைத்தேன்.

உம்மா ஊர்க் குசினியைப் பற்றித்தான் கதைத்தார். சின்னக் குசினிதானாம், கிணற்றடியிலாம், இருந்த இடத்திலிருந்தே எல்லாம் கைக்கு எட்டுமாம். அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை உதித்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால், மதிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. அதில் அதே குசினியை, அதே அளவில் கட்டிவிட்டால் உம்மா எங்கே போகப்போகிறார்?

"வண்ணாத்திவில்லுக்கு ஒரு வேலையாப் போறன்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினேன். பொய் இல்லை. மன்னாருக்குப் போகிறவனும் வண்ணாத்திவில்லைத் தாண்டித்தான் போகவேண்டும்.

ஊரில் திரும்பவும் குடியேறியிருந்த ஒருவர் எங்கள் வளவைக் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். வீட்டுச் சுவர்கள் விழுந்துகிடந்தன. கிணறு இருந்தது. கிணற்றின் தெற்குப் பக்கம் ஒரே முட்பற்றை. வடக்குப் பக்கம், முழங்கால் உயரத்துக்கு, சின்னதாக ஓர் அறையின் அடிச்சுவர். உள்ளே கல்லெல்லாம் கரிப்பிடித்துக் கறுத்திருந்தது. அடுப்பு எரிந்த இடம், வேறென்ன? அந்தக் கரியைத் தொட்டுப் பார்த்தேன், முகர்ந்துகூடப் பார்த்தேன்.

பிறகு நாடாவை எடுத்து அளந்தேன். ஒரு மூலையில் நீளமான சீமெந்துத் தொட்டி, தரையோடு ஒட்டியபடி. உம்மா குந்தியிருந்து பாத்திரம் கழுவியிருப்பார் என்று விளங்கிக்கொண்டேன். சுவரின் கீழ்ப்பக்கம் ஓர் இரும்பு வளையம். பிடிதுணி தொங்கப்போட. வாசல் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவு. அந்தக் காலத்து மனிதர்கள் மெலிவு. இப்படி, எனக்கு விளங்காத எல்லாவற்றுக்கும் நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

கட்டுவதற்கு முன் மணலில் சாம்பலால் கோடு போட்டுத் திட்டமிட்டேன். கச்சான் காற்று அள்ளிக்கொண்டு போய்விட்டது. சுண்ணாம்பால் போட்டேன். காஸ் அடுப்புக்குப் பதில் ஒரு பெட்டி, அலுமாரிக்குப் பதில் இரண்டு கதிரை. என் மனைவி சிபானாவை உள்ளே நிறுத்தி, சமைப்பதுபோல நடக்கச் சொன்னேன்.

"கவனம், இப்ப சுவருக்குள்ளால போயிட்டாய்."

"அப்ப நான் எங்கால திரும்புறது?"

"திரும்பத் தேவையில்ல. போனமாதிரியே பின்னால நடந்து வா."

"கையில சுடுசோத்துப் பானையோடயா?"

"பழகிட்டா சரி."

சிபானா கோட்டுக்குள் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். "தேங்காய் எங்க இருந்து திருவுறது? திருவலையப் போட்டா கால் வெளியில போகுது" என்றாள். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. வாசல் பக்கம் உட்கார்ந்து காலை வெளியே நீட்டிக்கொள்ளலாம், காற்றும் வரும். "மாமி சந்தோசப்பட்டாச் சரி" என்று சொல்லிவிட்டு, அவள் கோட்டைத் தாண்டி, சுவர் வழியாகவே வீட்டுக்குள் போனாள்.

மேசன் பாஸ் சிலாபத்துக்காரர். தொட்டியை எந்த உயரத்தில் வைப்பது என்று மூன்று தரம் கேட்டார். "நிலத்தில" என்றேன் மூன்று தரமும். வளையத்தை எங்கே பதிப்பது என்று காட்டியபோது சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் பதித்தார்.

வேலை முடியும்வரை உம்மாவைக் கனமூலையில் என் மூத்த சகோதரி ராத்தா வீட்டில் விட்டிருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கூட்டி வந்தேன். கண்ணைப் பொத்தாத குறையாகப் பின்பக்கம் அழைத்துப் போய், "உங்கட குசினி உம்மா. ஊர்ல இருந்த அதே அளவு. நானே போய் அளந்துகொண்டு வந்தன்" என்றேன்.

உம்மா பக்கவாட்டில் திரும்பி உள்ளே நுழைந்தார். தொட்டியைப் பார்த்தார். குனிந்து வளையத்தைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"எந்த இடத்தில அளந்த மகன்?"

"கிணத்தடியில."

"கிணத்துக்கு எந்தப் பக்கம்?"

"வடக்க. அடுப்புக் கரிகூட அப்பிடியே இருக்கு உம்மா."

உம்மா மெதுவாகத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துத் தோளைத் தொடப் போனேன்.

"அது நுளம்பு கடிக்காமப் புகை போட்ட கரி மகன்" என்றார், சிரிப்பை அடக்க முடியாமல். "இது எங்கட ஆட்டுக்கொட்டில்."

வாசலில் நின்ற சிபானா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு ஓடினாள். அத்தோடு விட்டாளா? உள்ளே போய்ச் சத்தமாகச் சிரித்தாள். உம்மா தொட்டியைத் தடவித் தடவிச் சிரித்தார். எந்த ஆடு எந்தப் பக்கம் நின்று தண்ணீர் குடிக்கும், எது மற்றதை முட்டும் என்றெல்லாம் சொன்னார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. வெட்கம் ஒருபக்கம் இருக்க, உம்மா இனி எங்கேயும் போகமாட்டார் என்று மனம் குளிர்ந்துபோனேன்.

சிரித்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உம்மா கேட்டார்: "ஆட்டுக்கொட்டில்ர அத்திவாரம் அப்பிடியேவா இருக்கு?"

அங்கேதான் வாயை மூடியிருக்க வேண்டும். ஹாட்வெயார் இன்ஜினியருக்கு அது எப்படி முடியும்?

"ஓம் உம்மா. ஒரு கல்லு அசையல்ல."

"அப்ப குசினியும் இருக்கும்" என்றார் உம்மா. "தெற்கால, பற்றைக்குள்ள."

எல்லாம் இடிந்து காடாகிவிட்டது என்று நான் சொல்லிவைத்த கதை அந்த நிமிசத்தோடு முடிந்தது. போகாதீங்க என்று சொல்ல நினைத்தேன். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு நின்றிருந்தேன். அடுத்த நோன்புக்கு முன் உம்மா, கலியாணமாகாத என் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். பற்றையை வெட்டியதும் குசினியின் அத்திவாரம் வெளியே வந்தது. அதன்மேலேயே சுவர் எழுப்பினார்கள். போய்ப் பார்த்தேன். நல்ல விசாலம். உம்மா காலை நீட்டி உட்கார்ந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தார், அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் தாராளமாக நடக்கலாம். சின்னக் குசினி என்று அவர் சொன்னது ஒரு பேச்சுக்குத்தான்.

நாங்கள் இன்னும் இந்தக் கொட்டிலில்தான் சமைக்கிறோம். இடித்துக் கட்டலாம் என்று சிபானா பலமுறை சொல்லிவிட்டாள், எனக்குத்தான் மனம் வரவில்லை. உம்மா சிரித்த இடம். பெருநாளைக்கு வருவார், நாலு நாள் இருப்பார், போய்விடுவார். போன பிறகு இரண்டு நாளைக்கு எனக்குச் சோறு இறங்காது.

மஃரிபுக்குப் பிறகு தினமும் உம்மாவின் போன் வரும். சலாம் சொல்லி முடித்ததும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஆடெல்லாம் திண்டாச்சா?" என் பிள்ளைகள் போனைப் பறித்துக்கொண்டு ஒரே குரலில் "மே" என்று கத்துவார்கள். அவர்கள் ஓதப் போயிருக்கும் நாட்களில் அந்தப் பதிலை நான்தான் சொல்லவேண்டியிருக்கிறது. இப்போது சொந்தமாக ஹாட்வெயார் கடை வைத்திருப்பவன், நாலு பேர் முதலாளி என்று கூப்பிடும் ஆள், குசினியில் பக்கவாட்டாக நின்றுகொண்டு, மெதுவாக "மே" என்கிறேன். அந்தப் பக்கம் உம்மா சிரிப்பது கேட்கும்.