ரூத் ஏறாத கேரியர்

சுங்கை லாலாங்
12.8.1988

அன்புள்ள மச்சான் மோரிஸ் அவர்களுக்கு,

ஜெரார்ட் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே நான், உங்கள் தங்கை ரூத், கோழிகள் எல்லாரும் சுகம். சிங்கப்பூரில் நீங்களும் சுகமாயிருக்க வேண்டுகிறோம்.

எனக்கு வாங்கித் தரப்போகும் சைக்கிளுக்கு பிரேம் கார்பனா, இரும்பா என்று கேட்டிருந்தீர்கள். இதற்கு நான் அவசரப்பட்டுப் பதில் எழுத முடியாது, ஏனென்றால் அடுத்த மாதம் மாதா திருவிழா. புருஷன் மிதிக்க, பெண்சாதி கேரியரில் உட்கார, எஸ்டேட் வாசலிலிருந்து கோயில் வரை தம்பதி சைக்கிள் பந்தயம். போன வருஷம் பழைய இரும்பு வண்டியில் மார்பை நிமிர்த்திக்கொண்டு கிளம்பினேன். ஸ்டோர் மேட்டில் எனக்கு மூச்சு வாங்கியதும் ரூத் பாவம் பார்த்து இறங்கி நடந்தாள். நடந்தவள் கோயிலுக்குப் போய், ஒரு செபமாலையும் சொல்லி முடித்த பிறகுதான் நான் வந்து சேர்ந்தேன். சாமியார் என்மேல் தீர்த்தம் தெளித்தார். அது ஆசீர்வாதமா முதலுதவியா என்று இன்றுவரை தெரியவில்லை. அதற்குப் பிறகு ரூத் என் கேரியரில் ஏறவே இல்லை. ஞாயிறு பூசைக்கு அவள் முன்னால் நடக்கிறாள், நான் பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறேன். சொல்ல வெட்கமில்லை மச்சான், எனக்கு அது தாங்கவே முடியவில்லை.

அதனால் கார்பன் என்றதும் ஆசை வந்துவிட்டது. சுங்கைப் பட்டாணி மருந்துக்கடை ஆர்தரிடம் அப்படி ஒரு வண்டி இருக்கிறது. ஒரு நாள் இரவல் கேட்டு வாங்கி வந்தேன். கோழியைத் தூக்குவது போல ஒரே கையில் தூக்கலாம். ஆனால் ஸ்டாண்டு இல்லை, மணி இல்லை, கேரியரும் இல்லை. பெண்சாதியை எங்கே உட்கார வைப்பது? எஸ்டேட்டில் வண்டி வந்த அன்றே கேரியர் போடுவதுதானே நம் வழக்கம், பழைய வண்டியிலிருந்து கழற்றி இதில் மாட்டினேன். இரும்புக்கு இறுக்குற மாதிரியே ஸ்பேனர் பிடியில தண்ணிக் குழாயைச் செருகி, பல்லைக் கடிச்சிக்கிட்டு ஒரு இழு இழுத்தேன். டப்புன்னு சத்தம். இடுப்புதான் போச்சுன்னு நெனச்சேன். இடுப்பா இருந்தா பரவாயில்ல மச்சான், பிரேம்ல விரிசல்! திருப்பிக் கொடுக்கப் போனப்ப ஆர்தர் திட்டக்கூட இல்ல, "ஏண்ணே, இதுல போய் கேரியரா?"ன்னு மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தான்.

ஆகவே இரும்பே அனுப்பவும். வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம், என் கைக்கும் தாங்கும். ரூத் ஏறுவாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. புது வண்டியைப் பார்த்தாவது மனம் இளகட்டும்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. மாதா உங்கள் வீட்டுக்குக் குறையொன்றும் வைக்காமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்
ஜெரார்ட்

பி.கு.: அண்ணே, நான் ரூத். போஸ்ட்ல போடச் சொல்லிக் கொடுத்தாரு, படிச்சிட்டேன். கார்பனும் வேணாம், இரும்பும் வேணாம், பழைய வண்டியே போதும்லா. சாமியார்கிட்ட கேட்டேன், புருஷன்தான் மிதிக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்லையாம். கல்யாணத்துக்கு முன்ன சைக்கிள்ல ரெண்டு ரப்பர் பால் வாளி கட்டிக்கிட்டு அந்த மேட்டுல ஏறினவ நான், இவரு என்ன அதைவிடக் கனமா? கனந்தான், பரவாயில்ல. பேர் கொடுத்தாச்சு. நல்ல பலமா ஒரு கேரியர் மட்டும் வாங்கி அனுப்புங்க.