குறிச்ச இடத்திலை பிடிச்ச மீன்

இண்டைக்கு எனக்கு ஒரேயொரு வேலை. பருத்தித்துறைக் கடலிலை வலை போட்டு, வாற மீனை ஓலைக் கடகத்திலை கொண்டுவாறது.

(கந்தோர்ப் பெரியவர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் பார்த்துத்தான் இதைத் தட்டிறன்.)

எங்கடை கந்தோர், கடலிலை மீன் எவ்வளவு கிடக்கெண்டு மட்டுக்கட்டுது. பெரியவர் சொல்லிப்போட்டார்: "கடல் வரைபடத்திலை குறிச்ச இடத்திலைதான் வலை போடவேணும். வாறது வரட்டும். ஒழுங்காச் செய்தால் உம்மடை வேலை நிரந்தரம்."

இதென்ன பெரிய வேலை! நான் மானிப்பாய்ப் பெடியன். கடலைக் கரையிலை நிண்டுதான் பார்த்திருக்கிறன். அதாலை என்ன!

வள்ளக்காரச் சவரிமுத்தண்ணை படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, உதிலை மீன் இல்லை."

"ஓமண்ணை! இல்லையெண்டால் இல்லையெண்டு கண்டுபிடிக்கத்தானே போறம்!"

"அதைத்தானே இப்ப சொன்னனான்."

விஞ்ஞானத்தை விளங்கப்படுத்த வாயைத் திறந்தன். வள்ளம் ஒரு ஆட்டம் ஆடிச்சுது. வாயாலை வந்தது விஞ்ஞானமில்லை, காலமைச் சாப்பிட்ட இடியப்பம்!

பிறகு முழுக்க வள்ளத்தின்ரை அடியிலை சுருண்டு கிடந்துதான் ஆராய்ச்சி.

"அண்ணை, என்ன பட்டது?"

"ஒரு நண்டு. அதுவும் வழி தவறி வந்ததுபோலை."

"அருமை! இதுதான் வேணும்!"

"கந்தோர்ப் பெடியனை ஏத்திக்கொண்டு போய் வெறுங்கடகத்தோடை வந்தால், கரையிலை என்னைச் சிரிக்கமாட்டினமே?" எண்டு முணுமுணுத்தார்.

கரைக்கு வந்ததும் நான் பனையடியிலை விழுந்து கிடந்தன். பெரியவர் வாறாரெண்டு எழும்பி ஓடிப்போய்க் கடகத்தைத் தூக்கினால், கனக்குது! ஒரு நண்டு இவ்வளவு பாரமோ!

பார்த்தால் முட்ட மீன்!

"பரவாயில்லையே! குறிச்ச இடத்திலையோ?" எண்டார் பெரியவர்.

"தம்பி காட்டின இடத்திலைதான், ஐயா" எண்டார் சவரிமுத்தண்ணை.

என்ரை வேலை நிரந்தரம்! அந்தச் சந்தோசத்திலை நானும் ஓமெண்டு தலையாட்டினன்.

பெரியவர் அடியிலை கையை விட்டு ஒண்டை உருவினார். பலகைமாதிரி விறைச்சு நிக்குது. குடலும் இல்லை.

"இதென்ன?"

"கட்டா மீன், ஐயா."

"ஆர் உப்புப் போட்டது?"

சவரிமுத்தண்ணை கடலைக் காட்டினார். "உவ்வளவும் உப்புத்தானே, ஐயா."

"அப்ப ஆர் காயப்போட்டது?"

"வந்துசேரக் கொஞ்சம் சுணங்கிப்போச்சு, ஐயா."

வேலையைப்பற்றிப் பெரியவர் மூச்சே விடேல்லை. நாளைக்குத் திரும்பவும் அதே இடத்துக்குப் போகட்டாம்.

வெளிக்கிடேக்கை சவரிமுத்தண்ணையின்ரை மனிசி கூப்பிட்டுக் கேட்டா:

"தம்பி, நாளைக்கு என்ன மீன் பிடிக்கப்போறியள்? இப்பவே சொன்னால் காயப்போட்டு வைப்பன்."