இரண்டடிக்குள் அடங்கிய வண்டில்

அளவுநாடா கையில் இருந்தால் மனிதருக்கு ஒரு தைரியம் வந்துவிடுகிறது. அளந்துவிட்டோம், ஆகவே அறிந்துவிட்டோம் என்று நினைக்கிறோம். நான் கணித ஆசிரியை. அந்தத் தைரியம் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. (இருந்தது என்று இறந்தகாலத்தில் எழுதியிருப்பதைக் கவனிக்கவும்.)

குருநகரில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடிவுவரை கண்டவள் நான் ஒருத்திதான். அப்பா இரண்டாம் வகுப்போடு கடலுக்குப் போய்விட்டார். அம்மா பள்ளிக்கூட வாசலைத் தாண்டி நேரே மீன்சந்தைக்குப் போனவர். எனக்குப் பின் வந்த தங்கை ஜெனிற்றா இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள், அதாவது கைபேசியில். நான் பல்கலைக்கழகம் போய், பட்டம் எடுத்து, கரவெட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நியமனமும் பெற்ற பிறகு, அச்சடித்த எழுத்து எது வீட்டுக்குள் வந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். கடிதம், படிவம், மருந்துப் போத்தல், கல்யாண அட்டை. நான் வாசித்துச் சொன்னால் வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், மிகவும் பிடித்திருந்தது.

அப்பாவுக்கு இடுப்பில் அடிபட்டது அதற்குப் பிறகுதான். வள்ளத்தைக் கரைக்கு இழுக்கும்போது வழுக்கி விழுந்தார். இனிப் பாரம் இழுக்கக்கூடாது என்று வைத்தியர் சொன்னார். வள்ளம் சித்தப்பாவின் கைக்குப் போனது. அப்பா காலையில் வழக்கம்போலக் கரைக்குப் போவார், யாருடைய வள்ளத்தின் விளிம்பிலாவது குந்தியிருப்பார், வெயில் ஏறியதும் வெறுங்கையோடு திரும்புவார். சித்தப்பா எத்தனையோ தரம் கூப்பிட்டுப் பார்த்தார்.

"வாங்கோ அண்ணை, என்னோடை வாங்கோ. நாங்கள் தூக்கி ஏத்திவிடுறம்."

"ஏத்தி இறக்கிறதுக்கு நான் என்ன ஐஸ் பெட்டியோ?" என்றார் அப்பா. அதோடு அந்தக் கதை முடிந்தது.

அம்மாவின் தம்பி, நோர்வேயில் இருக்கும் மாமா, இதைக் கேள்விப்பட்டு ஒரு சிறிய றப்பர் வள்ளம் அனுப்பிவைத்தார். காற்றடித்தால் வள்ளம், காற்றைப் பிடுங்கினால் பெட்டிக்குள் மடித்த துணி. எங்கள் கரை கடல்நீரேரி, அலையில்லாத இடம். அப்பா தனியாகத் துடுப்புப் போட்டு, தூண்டில் போட்டு, தனியாக வரலாம். ஆனால் வீட்டிலிருந்து கரைக்கும் கரையிலிருந்து தண்ணீருக்கும் அதைக் கொண்டுபோக ஒரு வண்டில் வேண்டும். அதுவும் இடுப்பு அடிபட்ட ஒருவர் யாரையும் கூப்பிடாமல் இழுக்கக்கூடிய வண்டில். "கொழும்பிலை ஒரு கடையிலை மூண்டு விதம் இருக்கு. படங்களை அனுப்பியிருக்கிறன். படிச்ச பிள்ளை, நீ பார்த்துச் சொல்லு," என்றார் மாமா.

முதலாவது வண்டிலுக்குப் பலூன் போல ஊதிய இரண்டு பெரிய சக்கரங்கள். மடிக்க முடியாது. இரண்டாவது உண்மையில் ஒரு வண்டிலே அல்ல, வள்ளத்தின் பின்பக்கம் பூட்டுகிற இரண்டு குட்டிச் சக்கரங்கள். மூன்றாவது நடுவில் மடியும். மடித்துச் சுவரோடு நிமிர்த்தி வைத்தால் இரண்டடி இடம் போதும்.

நான் அளவுநாடாவை எடுத்தேன். பெரிய சக்கர வண்டிலை நிறுத்த எங்கள் வளவில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. வீட்டுப் பக்கச் சுவரோடு தகரம் இறக்கிய ஒதுக்கு. அந்த இடத்தில் என் மேசை இருந்தது. நான் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான கிழமை, அப்பா தன் வலைகளை எல்லாம் அங்கிருந்து அம்மா சமைக்கும் குசினிப் பக்கம் மாற்றிவிட்டு எனக்காக அடித்துத் தந்த மேசை. வீட்டில் காற்றும் வெளிச்சமும் வரும் ஒரே மூலை.

நான் மேசையைப் பற்றி ஒருவரிடமும் பேசவில்லை. "இடம் காணாது," என்று மட்டும் சொன்னேன். "மடியிறதுதான் எங்கடை வீட்டுக்குச் சரி."

அப்பா என் கைபேசியை வாங்கி, படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சில்லு சின்னனாக் கிடக்கு. சேத்துக்குள்ளை இழுபடுமோ பிள்ளை?"

"அப்பா, எல்லாம் இதிலை எழுதியிருக்கு."

"சேத்தைப் பற்றியும் எழுதியிருக்கோ?"

"எல்லாம் எழுதியிருக்கு."

உண்மையில் நான் வாசித்தது முதற் பக்கத்தை. நீளம், அகலம், பாரம், மடித்தால் எவ்வளவு. மற்றப் பக்கங்களில் படங்களும் அம்புக்குறிகளும் இருந்தன. (கணக்குப் படித்தவளுக்கு எதற்குப் படம்?)

வண்டில் வந்து இறங்கியது. மடித்து நிமிர்த்தினேன். சரியாக இரண்டடி. அயலட்டையைக் கூப்பிட்டுக் காட்டினேன். சித்தப்பா தலையை ஆட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே கேட்டார்.

"வண்டில் சரி. வள்ளம் எங்கை நிக்கும்?"

வண்டில் மடிய வேண்டுமென்றால் அதன்மேல் வள்ளம் இருக்கக்கூடாது. இந்த எளிய உண்மை, பட்டம் பெற்ற ஒருத்தியின் மண்டைக்குள் அந்த நிமிடம்வரை நுழையவில்லை. வண்டிலை அளந்தேன், சுவரை அளந்தேன், வள்ளத்தை அளக்கவில்லை.

"ஒவ்வொரு நாளும் காத்தைப் பிடுங்கி, விடியத் திரும்ப அடிக்கலாம்," என்றேன்.

"ஆர் அடிக்கிறது? இடுப்பு அடிபட்டவரோ?" என்றாள் தங்கை.

ஆகவே வள்ளம் எங்கள் விறாந்தைக்குள் வந்தது. கதவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே. அந்தக் கிழமை ஏழு நாளும் அம்மாவும் தங்கையும் வள்ளத்துக்குள் காலை நீட்டிக்கொண்டு நாடகம் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் அதைச் சுற்றிப் பக்கவாட்டில் நடந்தார்கள். நான் மட்டும் ஒதுக்கில் என் மேசையில் இருந்து, காற்று வாங்கிக்கொண்டு, பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தினேன்.

எங்கள் பக்கத்தில் புது வள்ளம் மந்திரிக்காமல் தண்ணீரில் இறங்காது. றப்பராக இருந்தாலும் வள்ளம் வள்ளம்தான் என்று அம்மா சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து பாதர் கரைக்கு வருவதாக ஒத்துக்கொண்டார். அப்பா மூன்று வருசத்துக்குப் பிறகு இஸ்திரி போட்ட சேட் போட்டார். அன்றைக்குத் தானே வண்டிலைப் பிடித்து, தனியே இழுத்து, தனியே இறக்குவதாகக் கரை முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். அதனால் கரை முழுக்க வந்திருந்தது.

வீட்டிலேயே வண்டிலை விரித்து வள்ளத்தை ஏற்றியாயிற்று. அம்மா பூமாலை கட்டியிருந்தார். மாலையை எங்கே போடுவது? றப்பரில் கட்ட ஓர் இடமும் இல்லை. வண்டிலின் நடுவில், மடிகிற மூட்டுக்குப் பக்கத்தில், அழகான ஓர் ஓட்டை இருந்தது. அதற்குள் ஒரு இரும்பு ஆணி செருகியிருந்தது. ஆணியின் படம் முதற் பக்கத்திலும் இருந்தது. பூட்டுவதற்கான ஆணி என்று அதன் கீழே எழுதியிருந்தது. நான் யோசித்தேன். பூட்டுவது எதற்கு? மடித்து வைக்கும்போது விரியாமல் இருக்க. இப்போது விரித்துத்தானே இருக்கிறது? ஆகவே ஆணி தேவையில்லை. (தர்க்கத்தில் ஒரு பிழையும் இல்லை. தேற்றம் நிறுவியாயிற்று.) ஆணியை உருவிக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்தேன். ஓட்டைக்குள் மாலையின் நூலைக் கோர்த்து முடிச்சுப் போட்டேன். பார்க்க நன்றாகவே இருந்தது.

கரைவரை தார் வீதி. அப்பா ஒரு கையால் வண்டிலை இழுத்துக்கொண்டு, மற்றக் கையால் எதிரே வந்தவர்களுக்குக் கை காட்டிக்கொண்டு போனார். சப்பாணி நடைதான், ஆனால் வேகம். நான் பின்னால் சேலையில் நடந்தேன். அப்பாவை அப்படிப் பார்த்து எவ்வளவோ காலம்.

தண்ணீருக்குப் பத்தடி முன்னால் சேறு தொடங்கியது. சக்கரங்கள் ஒரு அங்குலம் இறங்கின. பிறகு இன்னொன்று. அப்பா நின்றார். நெற்றி வியர்த்தது. சித்தப்பா ஓடிவந்தார். "விடடா, நான் இழுப்பன்," என்று அப்பா தள்ளிவிட்டார். பாதர் செபத்தைத் தொடங்கிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தங்கையின் கைபேசியில் மாமா தோன்றினார். "எங்கை, வண்டில் வாங்கின கெட்டிக்காரி? ஏறி இரு பிள்ளை, ஒருக்கால் வடிவாப் பாப்பம்!"

"வேண்டாம் பிள்ளை," என்றார் அப்பா. "சேத்துக்குள்ளை நிக்குது."

"இருநூறு கிலோ தாங்கும் எண்டு எழுதியிருக்கு, அப்பா."

செருப்பைக் கழற்றினேன். சேலையைத் தூக்கிச் செருகினேன். ஏறி, சரியாக நடுவில், அரசி மாதிரி அமர்ந்தேன்.

முதலில் நூல் அறுந்த சத்தம் கேட்டது. மல்லிகைப் பூ என் முகத்தில் பட்டது. பிறகு வண்டிலின் முன்பாதி ஒரு பக்கத்தால் எழும்ப, பின்பாதி மறுபக்கத்தால் எழும்ப, இரண்டும் ஒன்றையொன்று நாடி வந்தன. றப்பர் வள்ளமும் அவற்றோடு சேர்ந்து வளைந்தது. நடுவில் நான், ரொட்டிக்குள் வைத்துச் சுருட்டிய சம்பல் போல. ஒரு முனையில் என் தலை, மறு முனையில் இரண்டு பாதங்கள். இருநூறு கிலோ தாங்கும் என்பது உண்மையாகத்தான் இருக்கும். ஆணி இருந்திருந்தால்.

பாதர் நல்ல மனிதர். தொடங்கிய செபத்தை இடையில் நிறுத்தவில்லை. வெளியே தெரிந்த பாகத்துக்குத் தீர்த்தம் தெளித்தார். என் உள்ளங்கால் குளிர்ந்தது.

கைபேசிக்குள் மாமா உற்சாகமாகக் கத்தினார். "ஓ, மடிச்சுக் காட்டுறாளோ? நல்லா மடியுது! ஆளோடையே மடியுது!"

அதற்குப் பிறகு கரையில் ஒருவரும் நின்றபடி சிரிக்கவில்லை. குந்தியிருந்து சிரித்தார்கள். சித்தப்பாவும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து என்னை உருவி எடுத்தார்கள். வள்ளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டிலின் பின்பாதி வளைந்துபோயிருந்தது. நாலு பேர் வள்ளத்தைத் தூக்கித் தண்ணீரில் வைத்தார்கள். "இனி ஏறுங்கோ அண்ணை," என்றார் சித்தப்பா.

அப்பா ஏறவில்லை. சேற்றில் கிடந்த என் செருப்பை எடுத்துத் தண்ணீரில் கழுவினார். "வா, வீட்டை போவம்," என்றார். இஸ்திரி போட்ட சேட் முழுக்கச் சேறு. அப்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. (ஆமாம், நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். வேறு என்ன செய்வது?)

வழியில் கோபம் வந்தது. கோபம் பிழை செய்தவருக்குத்தானே முதலில் வரும்.

"சில்லு தாழும் எண்டு தெரிஞ்சால் ஏன் அப்பா சொல்லேல்லை?"

"கேட்டனான்தானே. எழுதியிருக்கு எண்டாய்."

"அதுக்கு?"

"எழுதியிருக்கு எண்ட பிறகு நான் என்னத்தைக் கதைக்கிறது, பிள்ளை? எனக்கு அதைப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாதே."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். சேற்றில் நாற்பது வருசம் நடந்த மனிதர் சேற்றைப் பற்றிக் கேட்ட கேள்வியை, அவருக்கு வாசிக்கத் தெரியாது என்ற ஒரே காரணத்தால், நான் அடக்கிவிட்டிருக்கிறேன். அதுவும் நான் வாசிக்காத பக்கங்களைக் காட்டி. என்னைப் படிக்கவைத்ததற்கு அந்த மனிதருக்கு நான் செய்த கைம்மாறு அது. இன்னொன்றும் விளங்கியது. இடத்தை மிச்சம் பிடிக்கும் வண்டில் என்று நான் எல்லோருக்கும் விளக்கினேனே, அந்த மிச்ச இடம் யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்று பின்னேரமே மேசையில் இருந்த கொப்பிகளை இறக்கினேன். மேசையைத் தனியே இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

"உந்த மேசையை ஏன் இழுக்கிறாய்?" என்று கேட்டார் அப்பா.

"பெரிய சில்லு வண்டில் இஞ்சைதான் நிக்கும்."

"அப்ப மேசை?"

"அது எங்கையாவது நிக்கும், அப்பா. ஒரு பக்கத்தைப் பிடியுங்கோ. இல்லை, பிடியாதேங்கோ. ஜெனிற்றா, நீ வாடி!"

அப்பா குசினிப் பக்கம் போய் மேசைக்கு இடம் பார்த்தார். திரும்பி வந்து, என்னிடம் அளவுநாடாவைக் கேட்டு வாங்கினார். இந்த முறை வள்ளத்தையும் அளந்தார்.

பெரிய சக்கர வண்டில் வந்து இப்போது இரண்டு வருசமாகிறது. சேற்றின்மேல் அது வாத்து மாதிரிப் போகிறது. என் பழைய மேசையில் அம்மா மீன் வெட்டுகிறார். வளைந்த வண்டிலின் பின்பாதியைச் சித்தப்பா அறுத்து எறிந்துவிட்டு, நேராக இருந்த முன்பாதியை மூட்டோடு என் அறைச் சுவரில் பூட்டி, பழைய ஆணியையும் செருகி, அதன்மேல் பலகை அடித்துத் தந்தார். எழுதும்போது விரிக்கலாம், படுக்கும்போது மடிக்கலாம். இடத்தை மிச்சம் பிடிக்கிறது என்பது உண்மைதான், அந்தக் கடைக்காரர்கள் பொய் எழுதவில்லை. இதையும் அதில் வைத்துத்தான் எழுதுகிறேன், முழங்கையை ஊன்ற முன் ஆணியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு.

வீட்டில் இப்போது நான் எதை வாசித்துச் சொன்னாலும் யாராவது ஒருவர் கேட்பார்கள், "ஆணி போட்டாச்சோ?" என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட அம்மா இந்தக் கதையைச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் உட்கார முன் கதிரையைக் குனிந்து பார்த்தார்கள்.

விடியற்காலையில் படலை திறக்கும் சத்தம் கேட்கும். அப்பா தனியே வண்டிலை வெளியே இழுப்பார். அந்த வண்டிலில் மூட்டும் இல்லை, ஓட்டையும் இல்லை, ஆணியும் இல்லை. ஆனாலும் ஒழுங்கையின் கடைசி வீடுவரை கேட்கும்படி ஒவ்வொரு நாளும் எனக்குக் குரல் கொடுப்பார்:

"ரீச்சர்! ஆணி போட்டாச்சு, நான் போயிட்டு வாறன்!"