நான் அடுக்கி வைத்த கணினி

அன்பு மைத்துனனுக்கு உன் அத்தான் எழுதுவது. நான் நலம், உன் அக்காவும் நலம். மகளும் நலம் என்று எழுத இப்போதைக்கு வழியில்லை. அதற்குக் காரணம் நான்தான்.

போனில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். எங்கள் வீட்டுச் சுவர்களைப் பற்றி உனக்குத் தெரியும். நான் கூடத்தில் தும்மினால் மகள் அறையிலிருந்து "மாத்திரை போட்டீங்களா?" என்று குரல் வரும். அதனால்தான் இன்று காலை உங்கள் பக்கம் போகிற எதிர்வீட்டு லாரி ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். மகளுக்குப் புது வேலையில் மூன்று மாதச் சோதனைக் காலம் முடியப்போகிறது. நாளை திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தான் எழுதிய நிரலை மேலதிகாரிகளுக்கு ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் வேலை நிரந்தரம், ஓடாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். வெள்ளிக்கிழமை அவள் பல் வைத்தியரிடம் போயிருந்தாள். கணினி திறந்தபடி இருந்தது. முப்பத்தோரு வருடம் மருத்துவமனை ஆவண அறையில் குப்பை கொட்டியவன் கண்ணில் அது பட்டால் என்ன ஆகும்? கோப்புறைகள் கண்ட இடத்தில் கண்ட பெயரில் கிடந்தன. என் கை சும்மா இருக்குமா? எல்லாவற்றுக்கும் வரிசை எண் போட்டேன், வகை பிரித்தேன், யாரும் சீந்தாதவை போலத் தெரிந்தவற்றை ‘பழைய ஆவணங்கள்’ என்று ஒரு கோப்புறைக்குள் தள்ளினேன். எது எங்கிருந்து எங்கே போனது என்று குறிப்பேட்டில் பதிவும் போட்டேன்.

ஒரு கன்னம் வீங்கி வந்தவள் நிரல் எழுதுகிற கருவியைத் திறந்தாள். சிவப்பில் ஒரு வரி: இயக்கச் சூழலைக் காணவில்லை! அவள் எழுதுகிற நிரல் தானாக ஓடாது, அதை ஓட்டுவதற்கென்று தனியாக ஒரு மென்பொருள் வேண்டும், அதைத்தான் இயக்கச் சூழல் என்கிறார்கள். அது இருக்கும் விலாசத்தைக் கருவி தன் அமைப்புகளில் எழுதி வைத்திருக்கிறது. அந்த விலாசத்தில் போய்ப் பார்த்தால் வீடு காலி. குடியிருந்தவரைத்தான் நான் பழைய ஆவணங்களுக்குள் இருபத்திரண்டாம் எண்ணில் அடைத்துவிட்டேனே.

"அப்பா, இதைத் தொட்டீங்களா?"

"தூசி தட்டினேம்மா." பொய்யில்லை, தூசியும் தட்டினேன்.

சனிக்கிழமை காலை அவள் குளிக்கப் போனதும் உள்ளே நுழைந்தேன். கோப்பை மறுபடி நகர்த்துவதைவிடப் பதிவேட்டில் இடத்தை மாற்றி எழுதுவதுதான் எங்கள் அலுவலக முறை. அதனால் கருவியின் அமைப்புகளைத் திறந்து புது விலாசத்தை எழுதினேன். அது கேட்டது வீட்டு விலாசம். அதாவது வெளிக் கோப்புறையின் பெயரோடு நிறுத்த வேண்டும்; நான் அடுக்களை அலமாரியின் இரண்டாவது தட்டு வரைக்கும் என்பது போல, உள்ளே இருக்கும் கோப்பு வரைக்கும் எழுதித் தொலைத்தேன். காணவில்லை என்றது போய், இந்த விலாசம் செல்லாது என்று வந்தது. வாலை வெட்டிவிட்டுத் திருத்தினேன். அப்போதும் அதே சிவப்பு. கருவியை மூடித் திறந்தால்தான் மாற்றியதைப் படிக்கும் என்று உதவிப் பக்கத்தில் பார்க்கிறேன், குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்கிறது. போட்டது போட்டபடி ஓடிவந்து செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். "நேத்து பேப்பரை என்ன அவ்வளவு கவனமா படிக்கிறீங்க?" என்றாள் உன் அக்கா.

அதற்குப் பிறகு எப்போது எட்டிப் பார்த்தாலும் திரையில் அதே சிவப்பு வரிதான். மகள் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாள். என்னால் அவள் வேலை போனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் நடமாடுவேன்? உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், சாயங்காலத்துக்குள் தற்செயலாக வந்தது போல வந்து சேர். கணினி உனக்குத் தண்ணீர்பட்ட பாடு. குறிப்பேட்டுப் பக்கத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நான்தான் செய்தேன் என்று மட்டும் அவளுக்குத் தெரியக்கூடாது.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். உன் பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், உன் முதுகுவலி குறையட்டும், நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

இப்படிக்கு,
கை சும்மா இராத உன் அத்தான்.

பின்குறிப்பு: வராதே. உறையை ஒட்டுவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். உன்னிடம் இவ்வளவு கொட்டத் தெரிந்தவனுக்கு அடுத்த அறைவரை நடக்கத் தெரியாதா என்று வெட்கமாகிவிட்டது. கடிதத்தைக் கையில் பிடித்தபடியே போய் மகளிடம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நேற்று குளித்துவிட்டு வந்து கருவியை மூடித் திறந்தாளாம், நிரல் ஜம்மென்று ஓடியதாம்! நான் திருத்தி எழுதிய விலாசம் சரியாம். "அப்புறம் நீங்க எட்டிப் பார்த்தப்ப எல்லாம் இருந்தது வெறும் படம்ப்பா. சிவப்பு வரி வந்தப்பவே எடுத்து வச்சது. நீங்களா சொல்றீங்களான்னு பார்க்கச் சொல்லி மாமாதான் நேத்து மெசேஜ்ல யோசனை கொடுத்தாங்க" என்றாள். ஆகவே உன் பிள்ளைகளுக்குச் சொன்ன ஆசீர்வாதம் இருக்கட்டும், உனக்குச் சொன்னவற்றைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். பிறகு அவள் கடிதத்தை வாங்கிப் படித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "மாமாவுக்கு நாலு பக்கம் எழுத முடியுது. எங்கிட்ட ஒரு வரி சொல்ல ரெண்டு நாளாப்பா?" என்றாள்.