ரெண்டுபேர் காக்காவின் பூட்டு

கல்முனையிலிருந்து ஒலுவில் வரை இந்தக் கரையோரத்தில் ரெண்டுபேர் காக்காவைப் போல ஒரு சந்தேகப்பிராணி பிறந்ததில்லை. பிறந்தாலும் ஊர் தாங்காது. கல்முனைக்குடியில் துணிக்கடை மேல்மாடியில் இருந்த எங்கள் சின்ன மென்பொருள் அலுவலகத்தில் அவர்தான் மூத்தவர்; எல்லோருக்கும் காக்கா, அதாவது அண்ணன். எந்த வேலையைச் சொன்னாலும் ஒரே கேள்வி: "ஒரே நேரத்தில ரெண்டு பேர் செஞ்சா?" தேத்தண்ணிக் கடையில் கடைசி ரோல்ஸைப் பார்த்தும் அதையே கேட்பார். கேட்டு முடிப்பதற்குள் வேறொருவர் அதைத் தின்றுவிடுவார்.

ஒரு மீனவர் சங்கத்துக்குப் படகு விவரங்களைப் பதியும் இணையத்தளம் செய்தோம். படகு புறப்பட்டதும் ஒலுவில் துறைமுகத்து எழுத்தர் 'கடலில்' என்று மாற்றுவார். தொலைபேசி எண் போன்றவற்றை எங்கள் அலுவலகத்து றிஸானா திருத்துவாள். இருவரும் ஒரே படகைத் திறந்தால், பிந்திச் சேமிப்பவரின் பழைய தகவல் முந்தியவரின் புதியதை அழித்துவிடும். 'கடலில்' மறுபடி 'கரையில்' ஆகிவிடும். காற்று எழும்பினால், கரையில் நிற்கிற படகை யார் தேடப் போகிறார்கள்?

காக்கா பூட்டுப் போட்டார். ஒருவர் திறந்ததை அவர் மூடும்வரை மற்றவர் தொட முடியாது. முதல் நாளே றிஸானா ஒரு படகைத் திறந்து வைத்துவிட்டுப் பகல் சோற்றுக்குப் போய்விட்டாள். ஒலுவிலிலிருந்து தொலைபேசி அலறியது.

"போட் போய்க் கண்ணுக்கும் மறைஞ்சிட்டு! இஞ்ச கரையில எண்டு காட்டுது, மாத்தவும் உடுதில்ல!"

"அந்தப் புள்ள சோறு திண்டிட்டு வரட்டும், கொஞ்சம் பொறுங்க," என்றார் காக்கா, மிகுந்த மரியாதையோடு.

அன்றே முதலாளி பூட்டைக் கழற்ற வைத்தார். காக்கா துக்க வீட்டுக்காரர் போல நடமாடினார்.

அந்தக் கிழமை ஒரு கல்யாண வீட்டு வலீமா விருந்து. சஹன் என்கிற பெரிய சோற்றுத் தட்டு ஒன்றைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்தோம். பெரிய இறைச்சித் துண்டொன்றில் காக்காவும் இன்னொருவரும் ஒன்றாகக் கை வைத்தார்கள். காக்கா எடுக்கவுமில்லை, விடவுமில்லை.

"என்ன காக்கா, சஹனுக்கும் பூட்டா?" என்றேன்.

"சஹனுக்குப் பூட்டுப் போட ஏலுமா? எல்லாரும் கை போடுறதான், எடுக்கக்குள்ள பார்த்து எடுக்கிற!" என்று சிரித்தார் மற்றவர்.

காக்கா பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு அலுவலகத்துக்கு ஓடினார். மறுநாளிலிருந்து யாரும் எதையும் திறக்கலாம். இடையில் வேறொருவர் மாற்றியிருந்தால் சேமிக்கும்போது மட்டும் தடை வரும். அந்தத் தடையைச் சொல்லும் அறிவிப்பையும் தான் பேசுகிற மாதிரியே எழுதி வைத்தார். எல்லோரும் வாசிக்காமலே மூடித் திட்டினார்கள். அதிகம் திட்டியவள் றிஸானா.

மாரிக்காலத்தில் ஒரு காலை, அவள் தன் வாப்பாவின் படகுக்கான தொலைபேசி எண்ணைத் திருத்திக்கொண்டிருந்தாள். காற்று சரியில்லை, கடலுக்குப் போவதில்லை என்று வாப்பா சொல்லியிருந்தார். சேமிக்கப் போனபோது திரையில் வந்தது:

"நில்லுங்க. நீங்க பாத்துக்கிட்டு இரிக்கக்குள்ள ஒலுவில்ல ஒத்தர் இத மாத்திட்டார். மறுகா ஒருக்காப் பாத்திட்டு வைங்க."

என்னவோ அன்றைக்கு வாசித்தாள். திரும்பத் திறந்தால், 'கடலில்'.

"யா அல்லாஹ், வாப்பா பெய்த்தாரே!"

வாப்பாவின் தொலைபேசி எடுபடவில்லை. துறைமுகத்துக்குச் சொல்லி, அந்தப் பக்கக் கடலில் நின்ற வேறொரு படகை அனுப்பினார்கள். இயந்திரம் நின்று அலைக்கழிந்த படகை பின்னேர அஸர் தொழுகைக்கு முன் கட்டி இழுத்து வந்தார்கள். அவளால் முதல் தரமே சேமிக்க முடிந்திருந்தால் அது 'கரையில்' என்றே இருந்திருக்கும்.

மறுநாள் வாப்பா ஒரு பாரை மீனோடு படியேறி வந்தார். காக்கா கூச்சத்தில் நெளிந்தார்.

"நான் என்ன செஞ்ச? ஒங்கட மகள்தான் வாசிச்சா."

பிறகு என் காதோடு சொன்னார்: "இவ்வளவு காலமும் நான் எழுதினத்த ஒத்தரும் வாசிக்கல்ல தம்பி. அவ வாசிச்சிட்டா."

அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.