வாங்காத நாயின் மாதச் செலவு

எந்த நாயாக இருந்தாலும் சரி, என் வீட்டுப் படியேற வேண்டுமென்றால் முதலில் என் எக்செல் ஷீட்டைத் தாண்டித்தான் வரவேண்டும். இப்படி ஒரு சபதத்தைச் சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று எடுத்தேன். கண்ணாடி மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. என் வீட்டில் என்னை எதிர்த்துப் பேசாத ஒரே பொருள் அதுதான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் புருஷோத்தமன். புருஷர்களில் உத்தமன் என்று பொருள். பெயரைக் கல்யாணத்துக்கு முன்பே வைத்துவிட்டார்கள், அதனால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. வல்லம் வடகாலில் கார் கதவுக்குக் கைப்பிடி செய்யும் கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறேன். நூறு ரூபாய் என்று விலை சொல்லிக்கொண்டு வருபவனை எண்பதுக்கு இறக்கி, இருபது ரூபாய் மிச்சம் என்று ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. அந்தச் சாமான் என்றைக்கும் எண்பது ரூபாய்தான். வந்தவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரிப்போர்ட்டுக்கு மட்டும் தெரியாது. இப்படியே போன வருடம் கம்பெனிக்குப் பன்னிரண்டு லட்சம் மிச்சம் பிடித்தேன். கண்ணாடிச் சட்டம் போட்ட சர்டிபிகேட்டும் ஐயாயிரம் ரூபாயும் கொடுத்தார்கள். ஐயாயிரம் செலவாகிவிட்டது. சர்டிபிகேட் டி.வி.க்கு மேலே தொங்குகிறது.

மனைவி பாண்டிச்செல்வி. திருநெல்வேலிப் பக்கம். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி லைனில் வேலை பார்க்க வந்தவள், ஹாஸ்டல் சாம்பாருக்குப் பயந்து என்னைக் கல்யாணம் செய்துகொண்டாள். அந்தச் சாம்பாரே தேவலை என்று இப்போது அடிக்கடி சொல்கிறாள்.

ஒரகடத்தில் எல்லப்பன் வீட்டு மாடியில் குடியிருக்கிறோம். எல்லப்பன் நிலத்தை விற்றதும் மாட்டையும் விற்றுவிட்டார். காலியான கொட்டகையில் இப்போது கார் நிற்கிறது. அந்தக் காருக்கு அடியில் அவர் வீட்டு நாய் ஆறு குட்டி போட்டது. சிக்கலும் அங்கேதான் பிறந்தது.

"ஏங்க, கீழ குட்டிகளப் பாத்தீயளா? இன்னும் கண்ணுகூடத் தொறக்கல. ஒண்ணு பழுப்பு. நெத்தியில வெள்ளப் பொட்டு வச்சிருக்கு."

"அதுக்கு இன்னா இப்போ?"

"நாம ஒண்ணு வளப்பமா?"

"நாயா? இந்த வூட்லயா? நான் ஒருத்தன் பத்தாதா?"

"நீங்க எங்க வீட்டுல இருக்கீய? ஷிப்டு. ஷிப்டு முடிஞ்சா ஓ.டி. நான் பேச ஆளில்லாம குக்கர்கூடப் பேசிக்கிட்டு இருக்கேன். அதுவும் மூணு விசிலோட நிறுத்திருது."

மனசில் சுருக்கென்றது. நியாயமான பேச்சுதான். நான் மட்டும் புல்லட் வாங்குவது என்று முடிவு செய்யாமல் இருந்திருந்தால் அங்கேயே சரி என்று சொல்லியிருப்பேன்.

சம்பளம் வந்த அன்றே செல்வி கைக்குப் போய்விடும். ஓ.டி. பணம் மட்டும் என்னுடையது. அதில் அறுபத்திரண்டாயிரம் சேர்த்து வைத்திருந்தேன். வாலாஜாபாத்தில் ஒருவர் பழைய புல்லட்டுக்கு ஒரு லட்சம் சொல்லியிருந்தார். நான் பார்க்காத விலையா? எண்பதுக்கு இறக்கிவிடுவேன். இன்னும் பதினெட்டு சேர்ந்தால் டபடபவென்று போகலாம். இந்த நேரம் பார்த்து நாய். ஓடுகிற வண்டிக்கு நாய் குறுக்கே வருவது சகஜம். வாங்காத வண்டிக்கே நாய் குறுக்கே வந்தது எனக்குத்தான்.

முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் தைரியம் இருந்தால் நான் ஏன் எக்செல்லுக்குப் போகிறேன்? ஒரு வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கம்பெனித் தாளில், கம்பெனி மையில், கலரில் பிரிண்ட் எடுத்தேன். அடுத்த ஞாயிறு செல்வியை உட்கார வைத்து வாசித்தேன்.

"நாய்னா லேப்ரடார்தான். தெருவுல பொறந்தத வளத்தா என் ஸ்டேட்டஸ் இன்னா ஆவறது?"

என் ஸ்டேட்டஸ் வாட்ஸ்அப்பில் மட்டும்தான் இருக்கிறது. இருந்தாலும் கேட்டு வைத்தேன்.

"குட்டி வெல பதினெட்டாயிரம். அது ஒரு தபா. அப்பால மாசா மாசம். பாக்கெட் தீனி ரெண்டாயிரத்து நானூறு. டாக்டரு, ஊசி, பூச்சி மருந்து தொள்ளாயிரம். குளிப்பாட்ட, முடி வெட்ட எழுநூறு."

"எழுநூறா? நீங்க நூறு ரூவாய்க்குல்லா வெட்டிட்டு வாரீய?"

"எனக்குத் தலையில மட்டும்தான் கீது. அதுக்கு ஒடம்பு பூரா. நாம ஊருக்குப் போனா அது தங்க ஹாஸ்டல், எண்ணூறு. செருப்பு, சோபா கடிச்சா அறுநூறு."

"நம்ம வீட்டுல சோபாவே இல்லியே?"

"நாய் வந்தா வாங்குவோம் இல்ல, அதுக்கு. பக்கத்து வூட்டுக்காரனக் கடிச்சா வைத்தியச் செலவு ஐந்நூறு."

"மாசா மாசமா கடிக்கும்?"

"ஆவரேஜ் போட்டுகீறேன். இன்னான்னே தெரியாத செலவு முந்நூறு. ஆக மொத்தம் மாசம் ஆறாயிரத்து இருநூறு. எல்லாம் என் ஓ.டி. துட்டுலேர்ந்துதான் போவணும்."

செல்வி தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"இவ்வளவா ஆகும்?"

"ஒரு ரூபா கொறையாது."

"அப்ப இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

பர்ச்சேஸ்காரனிடம் கையெழுத்துக் கேட்டால் அவனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். தேதியோடு போட்டுக் கொடுத்தேன்.

"வேண்டாங்க. நமக்கு நாய் கட்டுப்படியாகாது" என்று பெருமூச்சு விட்டுத் தாளை மடித்துப் பீரோவில் வைத்தாள்.

வெற்றி! இவ்வளவு சுலபமாகவா? அன்று மதியம் இரண்டு ஆம்லெட் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஐந்தாம் தேதி ஓ.டி. பணம் ஏழாயிரம் வந்தது. செல்வி காபி கொண்டுவந்தாள். நான் கேட்காமலே கொண்டுவந்தாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"ஏங்க, அந்த இருபத்து நாலாயிரத்து இருநூற எனக்கு அனுப்பிருங்க."

"எந்த இருபத்து நாலு?"

"நாய் வாங்காம மிஞ்சுனது. குட்டி வெல பதினெட்டு. இந்த மாசச் செலவு ஆறாயிரத்து இருநூறு."

"இன்னாம்மா ஒளர்ற? வாங்காத நாய்க்கு நான் எதுக்கு துட்டு தரணும்?"

"வாங்கலல்லா, அதான் மிச்சம். லைன்ல எங்களுக்குக் கைசன்னு ஒண்ணு சொல்லிக் குடுத்திருக்காவ. செலவு கொறைய யோசனை சொன்னவங்களுக்குப் பரிசு. நாய் வேண்டாம்னு சொன்னது ஆரு?"

"நீதான்."

"அப்ப மிச்சம் புடிச்சது ஆரு?"

"அது வந்து… மிச்சம்னா கைக்கு வர்ற மிச்சம் இல்லம்மா. பேப்பர்ல மட்டும் கீற மிச்சம்."

செல்வி மெல்லத் தலையைத் திருப்பி டி.வி.க்கு மேலே பார்த்தாள்.

"அப்ப அந்தப் பன்னெண்டு லட்சம்?"

நான் சர்டிபிகேட் பக்கம் திரும்பவே இல்லை. வேறு வழியாகத் தப்பிக்கப் பார்த்தேன்.

"சரி, ஒத்துக்கறேன். கணக்குல கொஞ்சம் கூடப் போட்டுட்டேன். நெஜமா ஆயிரத்துக்குள்ள முடிஞ்சுடும்."

"ஆயிரந்தானா? அட! அப்ப நாயே வளத்துருவம்."

இடுக்கியில் மாட்டிக்கொண்டேன். குறைத்துச் சொன்னால் வீட்டில் நாய் குரைக்கும். குறைக்காமல் சொன்னால் என் பணம் குறையும். குரைப்பதைவிடக் குறைவது மேல் என்று தோன்றியது.

"இல்லம்மா. ஆறாயிரத்து இருநூறுதான்."

"தெரியும். கையெழுத்துகூடப் போட்டிருக்கீயல்லா."

போனை எடுத்து அனுப்பினேன். குட்டி விலை பதினெட்டாயிரம் போனதில் புல்லட் பணம் நாற்பத்து நாலாயிரமாக இறங்கிவிட்டது. இனி மாதம் எண்ணூறு ரூபாய் வீதம் சேர்த்தால் எண்பதாயிரத்தைத் தொட எவ்வளவு நாள் ஆகும் என்று அதே எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். மூன்றே முக்கால் வருடம் என்று கூசாமல் சொன்னது. எக்செல்லும் செல்வியின் சொந்தக்காரனோ என்று சந்தேகமாக இருந்தது.

அடுத்த ஐந்தாம் தேதியும் ஆறாயிரத்து இருநூறு போனது. வட்டி குட்டி போடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வாங்காத குட்டி மாதாமாதம் வட்டி போட்டது எங்கள் வீட்டில்தான். ஒரே ஓர் ஆறுதல், நாய் இல்லை. என்னுடைய நாய் கடிக்காது, குரைக்காது, கண்ணிலும் படாது. சாப்பிடுவது மட்டும் ஒழுங்காகச் சாப்பிடும்.

ஆனி மாதம் ஒரு நாள் முதல் ஷிப்டு முடிந்து வந்தேன். வாசலில் என் செருப்பு ஒன்று வார் இல்லாமல் கிடந்தது. உள்ளே எல்லப்பன் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் துவைத்து மடித்த லுங்கி. லுங்கி மேல் ஒரு பழுப்புக் குட்டி. நெற்றியில் வெள்ளைப் பொட்டு.

"இன்னாண்ணா இது?"

"குட்டிப்பா. ரெண்டு மாசம் முடிஞ்சுபோச்சு, பால் மறந்துடுச்சு, அதான் தூக்கியாந்தேன். இது கண்ணு தொறக்காதப்பவே உன் வூட்டம்மா சொல்லி வச்சுடுச்சே, பொட்டு வச்சது எனக்குன்னு. அதுக்குள்ள தாய்கிட்டேர்ந்து பிரிக்கக் கூடாது இல்ல? பாவம், பொறுமையா காத்துக்கினு இருந்துச்சு."

எனக்கு மெதுவாகப் புரிந்தது. நான் கலர் பிரிண்டை வாசித்த அன்றைக்கு அந்தக் குட்டியை எப்படியும் தூக்கி வந்திருக்க முடியாது. கிடைக்காத நாயை வேண்டாம் என்று சொல்லி, பெருமூச்சும் விட்டு, முப்பதாயிரத்து நானூறு ரூபாய் வாங்கியிருக்கிறாள். நானாவது நூறை எண்பதாக்குவேன். இவள் ஒன்றுமில்லாததை முப்பதாயிரமாக்கிவிட்டாள். எங்கள் பர்ச்சேஸ் மேனேஜர் இவளைப் பார்த்தால் அன்றே எனக்கு வேலை போய்விடும்.

இருந்தாலும் நான் சோர்ந்துவிடவில்லை. இதிலும் ஓர் ஓட்டை இருந்தது.

"செல்வி! நாய்தான் வந்துடுச்சே. இனிமே நாய் வாங்காத மிச்சம்னு ஒண்ணு கெடையாது. இந்த மாசத்துலேர்ந்து துட்டு கட்."

"ஆமாங்க. நானும் அதத்தான் நெனச்சேன்" என்று பீரோவைத் திறந்து அந்தத் தாளை எடுத்து வந்தாள். "குட்டி சும்மா வந்திருக்கு. ஊசி கவுர்மெண்டு ஆஸ்பத்திரியில. தயிர்ச்சோறு நம்ம பானையில. கோழிக்கடையில கழுத்தும் காலும். எல்லாம் சேத்து மாசம் தொள்ளாயிரம்."

"தொள்ளாயிரம்தானா? இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க போட்டது ஆறாயிரத்து இருநூறு. ஆனது தொள்ளாயிரம். நூறு ரூவா சாமான எம்பதுக்கு இறக்குனா இருபது மிச்சம்னு நீங்கதான சொல்லுவீய? நான் ஆறாயிரத்து இருநூற தொள்ளாயிரத்துக்கு இறக்கியிருக்கேன். மிச்சம் ஐயாயிரத்து முந்நூறு. நாய்க்குத் தொள்ளாயிரம். ரெண்டையும் ஒண்ணாவே அனுப்பிருங்க."

எல்லப்பன் விரல் விட்டு எண்ணினார்.

"கணக்கு கரீட்டா கீதுப்பா" என்றார்.

ஆறாயிரத்து இருநூறு. நாய் இல்லாதபோதும் அதே, நாய் இருக்கும்போதும் அதே. அனுப்பினேன். குட்டி இறங்கி வந்து என் கட்டைவிரலை நக்கியது. நன்றாகத்தான் இருந்தது. செல்வி அதன் காதைத் தடவிக்கொண்டு ஊர்க்கதையெல்லாம் அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் இவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. புல்லட் போனால் போகிறது என்றுகூட ஒரு நொடி நினைத்துவிட்டேன்.

அந்த நொடியை அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. எழுந்து போய் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"இது இன்னாத்துக்கு?"

"அடுத்த மாசத்துல இருந்து பூனை வளக்க வேண்டாம்னு இருக்கேன். மாசம் எவ்வளவு ஆகும்னு நீங்களே ஒரு கணக்குப் போட்டுக் குடுங்க."